கண்ணை மூடிக் கேட்பவர்களுக்கு

பாண்டி ஆட்டத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. சில்லு எறிந்து, நொண்டியடித்து, எல்லாவற்றையும் முடித்தவள் கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கோட்டை மிதிக்காமல், கட்டம் கட்டமாக நடந்து அந்தக் கோடி வரை போக வேண்டும். ஒவ்வொரு அடி வைத்ததும் "ரைட்டா?" என்று கேட்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் அவள் காலைப் பார்த்து "ரைட்டு" என்றோ "தப்பு" என்றோ சொல்வார்கள். தப்பு என்றால் அவ்வளவுதான், ஓரமாகப் போய் நிற்க வேண்டும்.

எங்கள் தெருவில் அந்தத் தப்பைச் சொல்வதற்கென்றே ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் ஆளைப் பார்த்துச் சொல்வோம். காலையில் கொடுக்காப்புளி கொடுத்தவள் என்றால் பாதி பாதம் கோட்டின் மேல் இருந்தாலும் ரைட்டு. நேற்று சண்டை போட்டவள் என்றால் நடுக்கட்டத்தில் நின்றாலும் தப்பு. அவள் மட்டும் காலைப் பார்த்துச் சொல்வாள். அதுவும் நின்றுகொண்டு இல்லை. பாவாடையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தரையோடு தரையாகக் குந்தி உட்கார்ந்து, குதிகால், விரல் நுனி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதுவரை கண்ணை மூடினவள் ஒற்றைக்கால் கொக்கு போல ஆடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்போது பருத்திப்பட்டில் எங்கள் தெரு மண் தெரு. ஏரிக்குப் போகிற வழி. எங்கள் தாத்தாக்கள் ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அப்பாக்கள் சேற்றிலிருந்து காலை எடுத்து, ஆவடி தொழிற்சாலைகளுக்குச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்திருந்தார்கள். வாங்கிப் போட்டவர்கள் எட்டிப் பார்க்காத மனைகள் நிறைய இருந்தன. செங்கல் துண்டால் அங்கேதான் பாண்டி கிழிப்போம். சில்லுக்கு உடைந்த ஓடு. அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வட்டமாக்கிக்கொள்வோம்.

அவள் எங்களைவிட நாலைந்து வயது பெரியவள். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். அவளுடைய சொந்தத் தங்கை மல்லிகா என் வகுப்பு, என் சிநேகிதி. மல்லிகாவுக்கு நேராக நடக்க வராது. வாத்து மாதிரி காலை அகட்டி வைப்பாள். கண்ணைத் திறந்துகொண்டே சாலையோரத்தில் ஒழுங்காக நடக்க மாட்டாள், கண்ணை மூடினால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது கட்டம், மிஞ்சிப்போனால் மூன்றாவது கட்டம். அதற்குள் அக்காவின் குரல் வந்துவிடும்.

ஒரு பொங்கலுக்கு மல்லிகா புதுப்பாவாடை கட்டிக்கொண்டு ஆட வந்தாள். அன்றைக்கு என்ன அதிசயமோ, கடைசிக் கட்டத்துக்கு முந்தின கட்டம் வரை போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அடி எடுத்து வைத்தாள். சுண்டுவிரல் கோட்டின் மேல் லேசாகப் பட்டது. பட்டதா படவில்லையா என்று பட்டிமன்றமே நடத்தலாம். நாங்கள் "ரைட்டு" என்று கத்த வாயெடுப்பதற்குள் அக்கா "தப்பு" என்றுவிட்டாள்.

மல்லிகா அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினாள். அவர்கள் அம்மா கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா கொயந்தய அய வெச்சிகினு கீற? ஒரு வெரலு பட்டுச்சாம். கூடப் பொறந்தவளுக்கு ரைட்டுன்னு சொன்னா உன் வாயில இருக்கற முத்து கொட்டிடுமா?"

"அவ கண்ண மூடிகினு கேட்டாம்மா," என்றாள் அக்கா.

"அதுக்கு?"

"பாத்துகினு கேட்டா வேற. கண்ண மூடிகினு கேக்கறவங்க கிட்ட பொய் சொல்லக் கூடாது."

கரண்டியால் ஒன்று வாங்கினாள். ஆனாலும் ரைட்டு என்று திருத்திச் சொல்லவில்லை.

இதை வைத்து அவளை அரிச்சந்திரனின் பேத்தி என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் நடக்கிற தப்பையெல்லாம் தட்டிக் கேட்கிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. பையன்கள் கில்லி ஆடும்போது தாண்டுக் குச்சியால் தூரத்தை அளப்பதில் தினமும் தகராறு வரும். அளக்கும்போது ஒருவன் குச்சியை இழுத்து இழுத்து வைப்பான், இன்னொருவன் சட்டையைப் பிடிப்பான். அக்கா ஞாயமாகச் சொல்வாள் என்று அவளிடம் பஞ்சாயத்துக்கு வருவார்கள். அவள் சில்லைத் தேய்த்துக்கொண்டே, "நீங்க எல்லாம் கண்ண தொறந்துகினுதான ஆடுனீங்க? ஏமாத்துனதும் தெரியும், ஏமாந்ததும் தெரியும். நீங்களே அடிச்சிகினு சாவுங்க" என்பாள். பெரியவளான பிறகும் அப்படித்தான். தெருப்பெண்கள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, "எனக்கு இந்தக் கலர் நல்லா கீதாடி?" என்று கேட்டால், "ஊட்ல கண்ணாடி கீதில்ல, பாத்துக்க" என்பாள். தனக்குத் தெரியாததை, தன்னால் பார்க்க முடியாததை ஒருவர் கேட்டால் மட்டும்தான் அவள் வாயில் அந்த உண்மை உட்காரும். அப்படி உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம்.

எனக்கு அவளிடம் பயமும் பிரியமும் சரிபாதி. பிரியம் வந்தது கண்ணாமூச்சி ஆட்டத்தில். ஒரு நாள் நான் பிடிக்கிறவள். தாவணியால் என் கண்ணைக் கட்டி மூன்று சுற்று சுற்றிவிட்டார்கள். எந்தப் பக்கம் போகிறேன் என்று தெரியவில்லை. எல்லாரும் திடீரென்று சத்தமில்லாமல் ஆகிவிட்டார்கள், யாரோ வாயைப் பொத்திச் சிரிக்கிறது மட்டும் கேட்டது. நான் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். "ஏய், கால்வா! நில்லு!" என்று கிட்டத்திலேயே அக்காவின் குரல். நின்றேன். குரல் வந்த பக்கம் கையை வீசினேன், அவள் தோள் அகப்பட்டது. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் என் கால் கட்டைவிரலுக்கு முன்னால் சாக்கடைக் கால்வாய், கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது. நான் விழுவதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். குரல் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கத்தினாள். மறுபேச்சில்லாமல் தாவணியை வாங்கித் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள்.

அவள் கண்ணை மூடிய ஆட்டங்களில் நாங்கள் உண்மை சொன்னோமா என்றால், எப்போதும் இல்லை. பொங்கல் சம்பவத்துக்குப் பிறகு மல்லிகா கறுவிக்கொண்டே இருந்தாள். அக்கா பாண்டியின் கடைசிக் கட்டத்தில் நடுப்பெட்டியில் இரண்டு காலையும் அழகாகச் சேர்த்து வைத்து "ரைட்டா?" என்று கேட்டபோது, மல்லிகா "தப்பு" என்று கத்தினாள். அக்கா கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். கோடு ஒரு ஜாண் தள்ளி இருந்தது. நாங்கள் எல்லாரும் மல்லிகாவைத் திட்ட ஆரம்பித்தோம்.

"உடுங்க. அவ சொல்ட்டா இல்ல," என்று அக்கா வெளியே போய் நின்றுவிட்டாள். அவளுக்கு அதில் கோபமே வந்ததாகத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் வந்தது, பதிலுக்குக் கட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மல்லிகாவுக்குத்தான் அன்று சாயங்காலம் முழுக்க ஆட்டம் ஓடவில்லை.

மல்லிகாவுக்கு வலிப்பு வரும். இதைச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. ஆறாவது படிக்கும்போது முதல் தடவை பள்ளிக்கூடத்திலேயே வந்தது. பிறகு சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் மாத்திரை எழுதி வாங்கி வந்தார்கள். மாத்திரை ஒழுங்காகப் போட்டதில் நின்றும்போயிற்று. தெருவில் எங்களுக்கெல்லாம் தெரியும். தெரியும் என்றாலும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பெண்பிள்ளை விஷயம்.

அக்காவுக்குத்தான் முதலில் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்க, "ரசம் நல்லா வரும். கொயம்பு தண்ணியாப் பூடும்" என்றாள். அவள் அம்மா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பையன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவரே கட்டிக்கொண்டார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. "எங்க ஊட்ல கொயம்பு வெக்கறது நான்தான்" என்று இன்றைக்கும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

மல்லிகாவின் முறை வந்தபோதுதான் வினை. நல்ல இடம். பையனுக்குப் பட்டாபிராமில் சொந்த வீடு, நிரந்தர வேலை. அக்கா கேசரி கிளற முதல் நாளே வந்திருந்தாள், நானும் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டு அடுப்படியில் இருந்தேன். அவர்கள் அம்மா அக்காவிடம் தனியாகச் சொல்லியும் வைத்தாள். "நீ இன்னாத்தயும் பேச வாணாம். கேசரிய எடுத்து வெச்சமா, சிரிச்சமான்னு இரு."

அக்கா தலையாட்டினாள். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. பையனின் அம்மா கை கழுவப் பின்பக்கம் வந்தாள். அக்காதான் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்மா. எங்களுக்கு இந்தத் தெருவுல யாரையும் தெரியாது. பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். கடவுளே, வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா செம்பைக் கீழே வைத்தாள்.

"சின்ன வயசுல வலிப்பு வந்துகினு இருந்துச்சி. மாத்திர சாப்பிடுறா. கொஞ்ச வருசமா வரவேயில்ல."

கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அன்று அந்த வீட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. நான் உன்ன ஆயிரம் பொய்யாடி சொல்லச் சொன்னேன்? சும்மா இருன்னுதான சொன்னேன்!" என்று அவள் அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"நானா போயி சொல்லலம்மா. அந்தம்மா தெரியாம கேட்டாங்க. யாரையும் தெரியாதுன்னு சொல்லிகினே கேட்டாங்க," என்றாள் அக்கா.

மல்லிகா அறையிலிருந்து வெளியே வந்தாள். தலையில் வைத்த பூ அப்படியே இருந்தது. "நீ என் அக்காவா, இல்ல அவங்களுக்கு அக்காவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அக்கா பின்பக்கம் போய்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். சின்ன வயதில் காய் விட்டால் மறுநாளே பழம் விட்டுவிடுவோம். இந்தக் காய் பழுக்கவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா, நான் மல்லிகா பக்கம்தான் இருந்தேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையும் செங்கல் கோடும் ஒன்றா என்று எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது.

அடுத்த வருடம் வேறு இடம் வந்தது. பையன் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை. இந்த முறை பெண் பார்க்கும் நாளை அக்காவுக்குச் சொல்லவே இல்லை. நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டார்கள், அங்கேயும் ஆள்மாற்றி ஆள் அவளை ஒட்டியே இருந்தோம், மாப்பிள்ளை வீட்டார் யாரும் அவளிடம் தனியாகப் பேசிவிடாதபடி. அவளுக்குப் புரியாமல் இல்லை. பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டே போனாள், வந்தாள்.

கல்யாணம் நடந்தது. ஆனால் மாத்திரையை எங்கே வைத்துக்கொண்டு சாப்பிடுவது? ஒரே அறை வீடு, மாமியார் கண் கொத்திப் பாம்பு. மல்லிகா மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை, ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. பெண் குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்தபோது, ஒரு காலை வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்தாள். புருஷன் பயந்துபோய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். மாமியார் வாசலில் நின்று, ஏமாற்றிக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று தெருவைக் கூட்டினாள். அந்த வாரமே கைக்குழந்தையோடு மல்லிகா பருத்திப்பட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

மாதங்கள் போயின. அவள் அம்மா நடையாய் நடந்து, "ஒண்ணுமில்ல மாப்ள, பயப்பட வாணாம், சூடு ஏறி வந்த மயக்கம்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். அந்த மனிதர் நம்பவில்லை. எப்படி நம்புவார்? ஒருநாள் அவரே வந்தார், ஆனால் மல்லிகா இருந்த வீட்டுக்குப் போகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனார். நான் அங்கே அவளோடு உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அண்ணி, உங்களுக்கும் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க என்னக் கேக்கல தம்பி. கேக்கற எடத்துல என்ன நிக்க வுடல."

 அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்தபோது இருந்த வேகம் போய்விட்டது.

"இப்ப கேக்கறேன். இன்னும் வருமா?"

"மாத்திர வுட்டதாலதான் வந்துச்சி. உங்களுக்கு பயந்துகினு வுட்டுட்டா. ஒழுங்கா சாப்ட்டா வராம இருக்கலாம். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"வந்தா?"

"சாவி கீவியெல்லாம் குடுக்காதீங்க. ஒருக்களிச்சி படுக்க வைங்க. வாயில ஒண்ணும் திணிக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவா சரியாயிடும், எய்ந்து உங்களுக்கே டீ போட்டுக் குடுப்பா. ரொம்ப நேரம் நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்கு தூக்கினு போங்க."

"பயப்படணுமா அண்ணி?"

"வாணாம்."

அவள் அம்மா எத்தனையோ முறை சொன்ன அதே வார்த்தைதான், பயப்பட வேண்டாம் என்பது. ஆனால் வராது என்று சத்தியம் பண்ண மறுத்த வாயிலிருந்து அது வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்டோ பிடித்து வந்து பெண்டாட்டி பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார். பிறகு மாத்திரை தீர்வதற்குள் அடுத்த அட்டையை வாங்கி வைக்கிறவர் அவர்தான். மல்லிகாவுக்கு அதற்கப்புறம் வலிப்பு வரவே இல்லை.

அப்படியும் அக்கா தங்கைக்குள் பேச்சு அளந்த பேச்சாகவே இருந்தது. "வாக்கா", "சாப்ட்டியா", "போய்ட்டு வா". மல்லிகாவுக்கு இது கோபமா வெட்கமா என்று அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் ஒன்றிரண்டு தடவை சமாதானம் பேசப் போய் மூக்குடைபட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

கைக்குழந்தையாக வந்து போன அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயது. அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன தை மாதம் ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது, இரண்டு பேரும் போனில் பேசிச் சிரிக்கிற அளவுக்கு. பெரியவர்கள் முறைப்படி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு இரண்டு நாள் முன்னால் மல்லிகா எனக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழம வரும்போது அக்காவயும் கூப்ட்டுகினு வந்துடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மல்லி, யோசிச்சுதான் சொல்றியா? அவங்க எதுனா கேட்டாங்கன்னா அக்கா சொல்லிடும்டி. உனக்குத் தெரியாதா அது வாயி?"

"தெரியும். கூட்டிகினு வா" என்று வைத்துவிட்டாள்.

மல்லிகா இப்போது பட்டாபிராமில் புதிதாக வந்த அடுக்குமாடியில் இருக்கிறாள். கீழே கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், குழந்தைகள் விளையாடுவதற்காகத் தரையில் மஞ்சள் பெயிண்டில் பாண்டிக் கட்டம் போட்டு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் அதில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் அதைத் தாண்டித்தான் லிப்டுக்குப் போக வேண்டும். நான் பாட்டுக்கு நடந்தேன். அக்கா புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு, மூட்டு வலியோடு, ஒரு கோட்டையும் மிதிக்காமல் கடந்து வந்தாள். அவளைக் கேட்டால் அப்படி நடந்தது அவளுக்கே தெரிந்திருக்காது.

பையன் வீட்டார் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல மாதிரியான குடும்பம். பையனின் அம்மா கலகலவென்று பேசினாள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. மல்லிகாவின் புருஷன் சோபா நுனியில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கல்யாணப்பெண் சுவரில் சாய்ந்து, பையனைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவள் முகம் முழுக்க ஆசை. அந்த மாதிரி ஒரு முகத்தை, தலையில் பூவோடு, நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பையனின் அம்மா டம்ளரை வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"நீங்க பொண்ணுக்குப் பெரியம்மாவா? வயசுல பெரியவங்க, உங்களக் கேட்டுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பத்துல யாருக்காவது வியாதி, கீதின்னு எதுனா..."

 அக்கா மடியிலிருந்த கையை எடுத்துச் சோபாவில் ஊன்றினாள். குந்தி உட்கார்ந்து காலைப் பார்க்கப் போகிறவளின் அதே முகம். நான் மல்லிகாவைப் பார்த்தேன்.

மல்லிகா எழுந்து நின்றாள்.

"அத என்னக் கேளுங்க," என்றாள். "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து வலிப்பு. கல்யாணத்தப்போ மறச்சிட்டோம். எங்க ஊட்டுக்காரரு ஒண்ணும் தெரியாம கட்டிகினாரு. அப்புறம் ஒருவாட்டி வந்துச்சி, அதுல ரொம்ப அசிங்கப்பட்டோம். இன்னிக்கி வரைக்கும் மாத்திர சாப்பிடுறேன். இவ பொறந்து தவந்துகினு இருந்தப்போ வந்ததுதான் கடேசி. பொண்ணுக்கு இதுவரைக்கும் ஒருவாட்டி கூட வந்ததில்ல. டாக்டர் கிட்டயும் காட்டிட்டோம். இதான் விஷயம். இதுக்கு மேல ஒண்ணும் கெடயாது."

சொல்லி முடித்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். வேண்டுமென்று மூடவில்லை, பயத்தில் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்க்கத் தைரியம் இல்லை. அப்படியே முகத்தை அக்கா இருந்த திசைக்குத் திருப்பி, பாதிக் குரலில் கேட்டாள்.

"ரைட்டாக்கா?"

அக்கா அவசரப்படவில்லை. தங்கையை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை பார்த்தாள்.

"ரைட்டு," என்றாள்.

பையனின் அம்மாவுக்கு இந்தக் கேள்வியும் பதிலும் புரிந்திருக்காது. அவள் மகனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்மா, அவ மொதல் நாளே சொல்லிட்டா," என்றான் அவன். அந்த அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.  பிறகு மல்லிகாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "நாளைக்கு வேற எவளாவது வந்து என் காதுல ஊதியிருந்தா நான் ஆடியிருப்பேன். நீயே சொல்லிட்ட. பூ வெச்சிட்டுப் போறோம்," என்றாள்.

அவர்கள் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தோம். மல்லிகா தேய்த்தாள், அக்கா அலசினாள், நான் துடைத்தேன்.  குழாயை மூடிவிட்டு மல்லிகா, "இத்தினி வருசத்துல ஒருவாட்டியாவது எனக்குக் கடேசி வரிக்கும் ரைட்டு சொல்லியிருக்கியா நீ?" என்றாள். குரல் சண்டைக்கு வந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது.

அக்கா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ ஒருவாட்டியாவது கோட்ட மிதிக்காம போயிருக்கியாடி?" என்றாள். "இன்னிக்கித்தான் மிதிக்கல."